'வார் டான்ஸ்' ஆவணப்படத்தை மாணவர்களுக்குத் திரையிடலாமா? மேடை வெற்றிக்குப் பின் அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்தது என்ன?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆவணப்படங்களைத் திரையிட்டு, படம் முடிந்தபின் அதைப் பற்றி விரிவாகப் பேசுவது வழக்கம். போருக்குப் பின் குழந்தைகளும் குடும்பங்களும் எவ்வாறு மீள்கிறார்கள் என்பதை அடுத்த திரையிடலின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஷான் ஃபைன், ஆண்ட்ரியா நிக்ஸ் ஃபைன் தம்பதியர் இயக்கி 2007-இல் வெளிவந்த 'வார் டான்ஸ்' படத்தை எங்கள் உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்தார். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்கத்துக்கான பரிசு பெற்று, பின்னர் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்ட படம் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கு உகாண்டாவில் பட்டோங்கோ என்னும் இடத்தில், ஏறத்தாழ 60,000 பேர் அடைபட்டிருந்த இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு தொடக்கப்பள்ளி இயங்குகிறது. அங்குள்ள அச்சோலி இனக் குழந்தைகள், 2005-இல் தலைநகர் கம்பாலாவில் நடக்கும் தேசிய இசை, நடனப் போட்டிக்குத் தேர்வாகி, பயிற்சி பெற்று, மேடையேறி, மரபு நடனத்துக்கான பரிசுடன் திரும்புகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுள்ள மூவரின் கதையை இழையாகக் கொண்டு படம் நகர்கிறது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வேலை செய்துகொண்டு பாடும் ஒரு சிறுமி, தம்பி தங்கையரைத் தானே வளர்த்த இன்னொரு சிறுமி, கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டுத் தப்பிவந்து சைலஃபோன் வாசிக்கும் ஒரு சிறுவன் ஆகியோர் அந்த மூவர்.

படம் என்னை உலுக்கியது. ஆனால் திரையிட முடிவெடுக்கும் முன் இரண்டு தயக்கங்கள் நீங்கவில்லை. அந்தச் சிறுவன், தன்னைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த கொலையைப் பற்றி, இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்று கூறிக்கொண்டே கேமராவை நேராகப் பார்த்துச் சொல்கிறான். பதின்மூன்று வயதுக் குழந்தைகளின் இத்தகைய சொற்களை நாம் கேட்பது முறைதானா என்பது முதல் தயக்கம். போட்டியில் பரிசு வாங்குவதோடு படம் நிறைவடைவதால், பாட்டும் ஆட்டமும் இருந்தால் போரின் காயம் ஆறிவிடும் என்னும் எண்ணத்தோடு எங்கள் மாணவர்கள் வீடு திரும்பிவிடுவார்களோ என்பது இரண்டாவது தயக்கம். முகாமிலிருந்து அந்தக் குடும்பங்கள் பிறகு எங்கே போயின, எப்படி வாழ்ந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் பயன்படும்.

கரிசல்மண்

வணக்கம். முகாம்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், வடக்கு உகாண்டாவின் குலு நகரத்தைத் தளமாகக் கொண்ட ஒரு நிவாரண அமைப்பில் நான் பணியாற்றினேன். அதனால் உங்கள் இரண்டாவது தயக்கத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது, முகாம் எப்படி உருவானது என்பதுதான். 1986-இல் யோவேரி முசெவேனி உகாண்டாவின் ஆட்சியைப் பிடித்ததைத் தொடர்ந்து வடக்கில் எழுந்த கிளர்ச்சிகளுள் ஜோசப் கோனியின் 'இறைவனின் எதிர்ப்புப் படை' (Lord's Resistance Army) நிலைத்துநின்றது. தன் சொந்த அச்சோலி மக்களின் குழந்தைகளையே கடத்தி அது படை திரட்டியது. போர் நடந்த இருபது ஆண்டுகளில் கடத்தப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 20,000-க்கும் மேல் என்பது யுனிசெஃப் தரும் மதிப்பீடு. ஆனால் கிராமத்தினர் எல்லோரும் தாமாகவே அஞ்சி ஓடி முகாமில் சேர்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1996 முதல் மக்களை ஊர்களிலிருந்து வெளியேற்றி முகாம்களில் குடியமர்த்தியது அரசுப் படைதான். உச்சகட்டத்தில் வடக்கு முழுவதும் 18 லட்சம் பேர் இடம்பெயர்ந்திருந்தனர். அச்சோலி நிலத்தில் மட்டும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முகாம்வாசிகள். 2005-இல், அதாவது பட்டோங்கோ குழந்தைகள் கம்பாலா மேடையில் ஆடிய அதே ஆண்டில், உகாண்டா சுகாதாரத் துறையும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு, அச்சோலி மாவட்டங்களில் இயல்பான அளவைவிடக் கூடுதலாக வாரத்துக்கு ஏறத்தாழ 1,000 பேர் இறந்துகொண்டிருந்தனர் என்று கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நோய், குறிப்பாக மலேரியா. கிளர்ச்சிப் படையின் கொடுமையைச் சொல்லும் அளவுக்கு இந்த முகாம் வாழ்வின் அரசியலைப் படம் சொல்வதில்லை என்பது என் குறை.

2006 ஆகஸ்டில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. 2008-இல் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட கோனி வரவே இல்லை. என்றாலும் அவருடைய படை எல்லை தாண்டிப் போய்விட்டதால், மக்கள் மெல்ல மெல்ல ஊர் திரும்பத் தொடங்கினார்கள். மீள்வது என்று நாம் சொல்வது அந்த மக்களுக்கு உண்மையில் அங்கேதான் தொடங்கியது. பத்து ஆண்டுகளாக உழப்படாமல் புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் எது யாருடையது என்பதை அறிந்திருந்த முதியவர்கள் பலர் முகாமிலேயே இறந்துபோயிருந்தார்கள். உலக உணவுத் திட்டத்தின் சோளத்தையும் பயறையும் வரிசையில் நின்று வாங்கியே வளர்ந்த பிள்ளைகளுக்கு விதைக்கும் பருவமும் களையெடுக்கும் பக்குவமும் தெரியவில்லை. தந்தை இறந்த வீடுகளில், பெரியப்பா சித்தப்பாமார் நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள, கைம்பெண்கள் வழக்குக்காக அலைந்தார்கள். நான் போன வீடுகளில் போரைவிட நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கடைசிவரை முகாமில் எஞ்சியிருந்தவர்கள், குடிசை போட்டுத்தர ஆளில்லாத முதியவர்களும் நோயாளிகளும்தான்.

கடத்தப்பட்டுத் திரும்பிய பிள்ளைகளை ஏற்றுக்கொள்வதற்கு அச்சோலி மக்களிடம் ஒரு முறை உண்டு. வீட்டின் வாசலில் ஒரு முட்டையை வைத்து, வழவழப்பான ஒரு மரத்தின் குச்சியையும் தானியக் களஞ்சியத்தைத் திறக்கப் பயன்படும் கம்பையும் அதனருகே கிடத்தி, திரும்பிவந்தவர் அந்த முட்டையை மிதித்து உடைத்தபின் உள்ளே வருவார். பெரும்பாலான குடும்பங்கள் தம் பிள்ளைகளை இவ்வாறு அழைத்துக்கொண்டன. மிகவும் துன்பப்பட்டவர்கள், படைத்தலைவர்களுக்குக் கட்டாயமாக மனைவியாக்கப்பட்டு, கைக்குழந்தைகளுடன் திரும்பிய பெண்களே. நில உரிமை தந்தை வழியில் வருகின்ற சமூகத்தில், தந்தை இன்னாரென்று சொல்ல முடியாத குழந்தைக்கு எந்தக் குலத்தின் நிலத்தில் பங்கு என்ற கேள்விக்கு முட்டையை மிதிப்பதால் விடை கிடைப்பதில்லை. அக்குழந்தைகள் இப்போது இளைஞர்களாகிவிட்டார்கள். கேள்வியோ அப்படியே இருக்கிறது.

பட்டோங்கோ இன்று அகாகோ மாவட்டத்தில் ஒரு சிறு நகரம்.

எட்டாம் வரிசை

வணக்கம். நான் உளவியல் சமூகப் பணியாளர். பதின்வயதினருடன் வேலை செய்கிறேன். 'பாட்டும் ஆட்டமும் இருந்தால் காயம் ஆறிவிடுமா' என்று கேட்டவருக்கு, அதே நாட்டில், அதே ஆண்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன்.

2005-இல் குலு அருகே இரண்டு முகாம்களில், 14 முதல் 17 வயது வரையுள்ள 314 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, உறவுச் சிக்கல்களையும் இழப்பையும் குழுவாக அமர்ந்து பேசும் உளவியல் சிகிச்சை தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு இசை, ஓவியம், விளையாட்டு போன்ற ஆக்கச் செயல்பாடுகள். மூன்றாம் பிரிவு காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. 2007-இல் வெளியான முடிவின்படி, குழுச் சிகிச்சை பெற்ற சிறுமிகளிடம் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. சிறுவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. ஆக்கச் செயல்பாடுகளால் மனச்சோர்வு குறைந்ததாகக் காண முடியவில்லை. ஆகவே, மேடையில் ஆடிய மகிழ்ச்சியை மனநோய்க்கு மருந்தாகக் கொள்ள வேண்டாம் என்பதை உங்கள் மாணவர்களுக்கு ஆதாரத்துடனேயே சொல்லலாம்.

கிறிஸ்டோபர் பிளாட்மேன், ஜீனி அனன் இருவரும் வடக்கு உகாண்டாவில் நடத்திய ஆய்வு இதைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். கடத்தப்பட்ட இளைஞர்களையும் கடத்தப்படாதவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 'சிதைந்த தலைமுறை' என்று வெளியுலகம் எதிர்பார்த்ததற்கு மாறாக, கடத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையாளர்களாக மாறியிருக்கவில்லை. கடுமையான உளத்துயரம் மிகக் கொடியவற்றைக் கண்ட ஒரு பகுதியினரிடமே குவிந்திருந்தது. எல்லோருக்கும் பொதுவாக நேர்ந்த இழப்பு வேறு: சராசரியாக ஏறத்தாழ ஓராண்டுப் பள்ளிப்படிப்பு போயிருந்தது, திறன் சார்ந்த வேலை கிடைக்கும் வாய்ப்பு பாதியாகியிருந்தது, வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடத்தப்பட்டுத் திரும்பியவர்கள் மற்றவர்களைவிட அதிக அளவில் வாக்களித்தார்கள் என்றும் பிளாட்மேன் கண்டார். இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், இத்தகைய படங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் அந்தக் குழந்தைகள் மீது இரக்கம் கொள்வதோடு நின்றுவிடாமல், அவர்கள் இழந்த வகுப்பறையைப் பற்றியும் பிழைப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பதே.

வாக்குமூலக் காட்சியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சிறுவன் எவரிடமும் சொல்லாத ஒன்றை முதன்முதலாகச் சொல்லும்போது, அவன் எதிரில் இருப்பவர் மறுநாளும் அடுத்த மாதமும் அவனுடன் இருக்கக்கூடியவராக இருக்க வேண்டும். படக்குழு ஊர் திரும்பிவிடும். அவன் சம்மதித்தான் என்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் உலகம் முழுவதும் இதைப் பார்க்கும், முப்பது வயதிலும் இது தன்னைத் தொடரும் என்பதை உணர்ந்து சம்மதம் தர அந்த வயதில் எவராலும் இயலாது.

கரிசல்மண்

எட்டாம் வரிசை அவர்களுக்கு: வாக்குமூலம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அச்சோலி மரபில் கொலையை ஒப்புக்கொள்வது என்பது, இறந்தவரின் குலத்தாரிடம், இரு தரப்பு முதியவர்களின் முன்னிலையில் செய்ய வேண்டிய செயல். ஈடு கொடுத்து, கசப்பான வேர்ச் சாற்றை இரு தரப்பாரும் ஒன்றாகக் குடித்து முடிக்கும் 'மாட்டோ ஓப்புட்' சடங்குக்கு அதுவே முதற்படி. கேமராவிடம் சொல்லப்பட்ட உண்மைக்கு எதிர்த்தரப்பு இல்லை. ஈடும் இல்லை, முடிவும் இல்லை. கடத்தப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தாங்கள் கொன்றது யாரை, எந்த ஊரில் என்பதே தெரியாது என்பதால் அந்தச் சடங்கும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை என்பது இன்னொரு துயரம்.

ஆனால் நடனத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் மாறுபடுகிறேன். ஆய்வில் இருந்தவை வெளியிலிருந்து வந்தவர்கள் வகுத்த செயல்பாடுகள். பட்டோங்கோ குழந்தைகள் ஆடியது ப்வோலா. ஆண்கள் சிறு முரசுகளை ஏந்தி, இறகுத் தலையணி அணிந்து, வட்டமாக நின்று ஆடும் அரசவை நடனம் அது. முகாமில் அந்தி சாய்ந்தபின் நெருப்பைச் சுற்றி அமர்ந்து முதியவர்கள் கதை சொல்லும் வழக்கம் நின்றுபோயிருந்தது. குடிசைகள் நெருங்கிக் கிடந்ததால் தீயும் ஆபத்து, இரவும் ஆபத்து. ஆகவே, முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளை ப்வோலாவை முறையாகக் கற்றுக்கொள்வதை, தாத்தா பாட்டியிடமிருந்து அறுபட்டுப்போன உறவை மீண்டும் கட்டுவதாகவே நான் பார்த்தேன். மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியலில் இது பதிவாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எட்டாம் வரிசை

நீங்கள் சொல்வது பொருந்துகிறது. மருந்தாகக் கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. குடும்பத்தோடும் ஊரோடும் பிணைப்பு உள்ள பிள்ளைகள் நன்றாக மீண்டார்கள் என்பது அந்த நாட்டு ஆய்வுகளிலேயே காணக்கிடைப்பதுதான்.

படத்தொகுப்பு மேசை

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஆவணப்படங்களைத் தொகுப்பவன் என்பதால், படம் கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'வார் டான்ஸ்' படத்தில் குழந்தைகள் பேசும் பகுதிகள் யாவும் ஒளியும் பின்னணியும் கவனமாகத் தேர்ந்து, முகத்தை நேருக்கு நேர் வைத்து எடுக்கப்பட்டவை. பக்கவாட்டில் அமர்ந்த பேட்டியாளரைப் பார்த்துப் பேசும் வழக்கமான முறை இங்கே இல்லை. இதனால் குழந்தை பார்வையாளரிடமே பேசுகிறது. பரிதாபத்துக்குரிய பொருளாக அல்லாமல், தன் கதையைத் தானே நடத்திச்செல்லும் ஒருவராகத் தெரிகிறது. இது படத்தின் பெரும் பலம். அதே அழகு, கேள்வி கேட்டவரை மறைத்துவிடுகிறது என்பது அதன் குறை. அந்தச் சிறுவனின் வாக்குமூலத்தை வரவழைத்த கேள்வி என்ன, அங்கே யார் இருந்தார்கள், அவன் சொல்லி முடித்தபின் என்ன செய்தார்கள் என்பவை நமக்குத் தெரிவதில்லை. தாய் தன் மகளை அவளுடைய தந்தை புதைக்கப்பட்ட இடத்துக்கு அழைத்துச் செல்லும் காட்சியிலும், மகள் தரையில் விழுந்து கதறும்போது கேமரா விலகாமல் நிற்கிறது. தொகுப்பு மேசையில் நான் இருந்திருந்தால் அந்தக் காட்சியைச் சீக்கிரம் முடித்திருப்பேன்.

போட்டியை முதுகெலும்பாக வைத்ததால் தோன்றும் சிக்கல் அடிப்படையானது. போட்டிக்கு ஒரு நாள் உண்டு, முடிவு உண்டு. மீட்சிக்கு அவ்வாறு இல்லை. அதனால் வேறொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. டென்மார்க்கைச் சேர்ந்த சைமன் லெரங் வில்மாண்ட் இயக்கிய 'எ ஹவுஸ் மேட் ஆஃப் ஸ்ப்ளின்டர்ஸ்' 2022-இல் வந்தது. அதுவும் சன்டான்ஸில் இயக்கத்துக்கான பரிசு பெற்று, ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிழக்கு உக்ரைனில், போர்முனைக்கு அருகிலுள்ள லிசிசான்ஸ்க் நகரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் அங்கே ஒன்பது மாதங்கள் வரைதான் தங்கலாம். அதற்குள் அவர்களைப் பெற்றோரிடமே அனுப்புவதா, வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ப்பதா, அநாதை இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவாக வேண்டும். 2014 முதல் தொடர்ந்த போரைப் படத்தில் ஏறக்குறைய பார்க்கவே முடியாது. வேலை போய்க் குடியில் மூழ்கிய பெற்றோரையும், அவர்கள் தொலைபேசியை எடுப்பார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளையும்தான் பார்க்கிறோம். இயக்குநர் எதையும் கேட்பதில்லை. குழந்தைகளின் உயரத்திலேயே கேமராவை வைத்துக்கொண்டு, பொறுமையாக உடனிருக்கிறார். படம் வெளியான சில வாரங்களில், 2022 பிப்ரவரியில், பெரும்போர் மூண்டது. காப்பகத்தின் குழந்தைகள் வெளியேற்றப்பட்டார்கள். ஜூலையில் அந்த நகரம் ரஷ்யப் படையின் வசமானது.

வைகைக்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. நிலத்தைப் பற்றியும் பள்ளிப்படிப்பைப் பற்றியும் நீங்கள் சொன்னவற்றைப் படம் முடிந்தபின் நடக்கும் உரையாடலில் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறேன். வாக்குமூலக் காட்சியை மட்டும் தாண்டிவிட்டுத் திரையிடலாமா என்று எங்கள் வட்டத்தில் சிலர் கேட்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

படத்தொகுப்பு மேசை

வெட்டாதீர்கள். அந்தக் காட்சி இல்லையென்றால் அவன் சைலஃபோன் நன்றாக வாசிக்கும் ஒரு பையனாக மட்டுமே எஞ்சுவான். அவன் எதிலிருந்து மீள முயல்கிறான் என்பது மறைந்துவிடும். மேலும், பொதுத் திரையிடலுக்கு உரிமம் வாங்கும்போது படத்தை மாற்றாமல் காட்டுவதாகத்தான் பொதுவாக உடன்படுகிறோம். உரிமத்தை மட்டும் மறக்காமல் முறையாகப் பெற்றுவிடுங்கள்.

எட்டாம் வரிசை

அந்தச் சிறுவனைப் பேச வைத்தது சரியன்று என்று எழுதிய நானும், வெட்ட வேண்டாம் என்றே சொல்வேன். அவன் சொன்னதை மறைப்பதால் அவனுக்கு இனி எந்தப் பாதுகாப்பும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் மாணவர்களுக்குச் சில ஏற்பாடுகள் தேவை. இப்படியொரு காட்சி வரும் என்பதை, அதில் என்ன சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்து, தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், ஏனென்று எவரும் கேட்க மாட்டார்கள் என்று உறுதி கொடுங்கள். கதவருகே ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். வீட்டில் அடிதடியோ மரணமோ அண்மையில் நேர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு எந்தக் காட்சி எதை நினைவூட்டும் என்பதை நம்மால் முன்கூட்டிக் கணிக்க இயலாது. படம் முடிந்ததும் உடனே கருத்துக் கேட்காமல், தேநீர் இடைவேளை விட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள். 'நீ அவனுடைய இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்' என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மண்

பெரிய மாணவர்கள் இருந்தால், உரையாடலில் டொமினிக் ஒங்வெனின் வழக்கையும் எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒன்பது வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் கோனியின் படையால் கடத்தப்பட்டவர். அதே படையில் தளபதியாக உயர்ந்து, பிற குழந்தைகளைக் கடத்தியவர். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; கடத்தப்பட்ட சிறுவனாக அவர் பட்டதைத் தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பேருக்கு, தலைக்கு 750 யூரோ அடையாளத் தொகையும், கூட்டாக மறுவாழ்வுத் திட்டங்களும் வழங்க ஆணையிட்டது. அந்தப் பணம் ஒங்வெனிடம் இல்லை. நன்கொடைகளைத் திரட்டித்தான் தர வேண்டும். போர்நிறுத்தம் ஏற்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்கு மேலான பிறகு வந்த ஆணை அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகாமில் குழந்தையாக இருந்தவர்கள் அதற்குள் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.